மிச்ச ஜாடி

ஹாமில்டன்
அக்டோபர் 6

அன்புள்ள லொரெதானா,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். என் சீட்டாட்டக் கூட்டாளி ஓட்டாவியோ வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது மேல்.

செவ்வாய்க்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்தா அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் படித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணாடி உடைந்துவிட்டதால் உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டிருந்தேன். ஓரத்தில் ரோஜா நிறக் கல் பதித்து, முத்துச் சங்கிலியோடு கழுத்தில் தொங்குமே, அதுதான். பெட்டியில் எழுத்து அத்தனை பொடி. எறும்பு படிப்பதற்காக அச்சடித்திருக்கிறார்கள். முணுமுணுத்துப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, வேறென்ன செய்ய. படித்த பெட்டிகளைத் தரையில் ஒரு வரிசையாகவும் படிக்காதவற்றை இன்னொரு வரிசையாகவும் அடுக்கிவைத்து, வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

கடைப் பெண் ஒருத்தி வந்து என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். "முட்டை" என்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்து, பால், வெண்ணெய் எல்லாம் தாண்டி மெதுவாக நடத்திக்கொண்டுபோய் முட்டை அடுக்கின் முன்னால் நிறுத்தினாள். "இதோ இருக்கு தாத்தா. வீட்டுல யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணுமா?" என்றாள். பாஸ்தாவில் முட்டை இருக்கிறதா என்று தேடினேன் என்று விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து, வாசலிலேயே ஓட்டாவியோ கையில் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. இது சத்தியம்.

தொலைபேசியில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். இரும்பாலையில் கிரேன் ஓட்டியவன் காது இப்படித்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு மரீசாவை அழைத்துக்கொண்டு வா. அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். மிச்ச ஜாடியைக் காலிசெய்துவிட்டேன். உள்ளே இருந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அப்பா


கால்கரி
அக்டோபர் 20

அப்பா,

கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். வீசவில்லை.

மரீசாவுக்கு முட்டை ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலேயே அந்த ஜாடியை வீசச் சொன்னேன். பெட்டி அடியில் மிஞ்சுகிற ஒரு பிடி, உடைந்த துண்டு, இந்தப் பெட்டி, அந்தப் பாக்கெட் என்று எல்லாம் ஒரே ஜாடிக்குள். எது எதிலிருந்து வந்தது என்று கடவுளுக்கே தெரியாது. ஜாடி நிறைந்தால் பீன்ஸ் சூப். நம் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு இப்படித்தான், தெரியும். அம்மாவும் "ரவையும் தண்ணியும்தாண்டி, இதுல ஏது முட்டை" என்று சிரித்தார்கள்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்கு நீங்கள் அந்த ஜாடியில் சூப் வைத்தீர்கள். நான் வாசலில் பாதிரியாரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மரீசாவின் உதடு வீங்கியிருந்தது. "அம்மா, நாக்கு பெருசா இருக்கு" என்றாள். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒவ்வாமை ஊசியை அவள் தொடையில் குத்தியது நான். ஆம்புலன்ஸில் அவள் மூச்சு விசில் போலக் கேட்டது. நீங்கள் வாசலில் கரண்டியோடு நின்றீர்கள்.

அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. கடைசி மாதங்களில் அம்மா வயிற்றில் தங்கியது கோழிச்சாறில் வேகவைத்த, சேமியா போன்ற அந்த மெல்லிய மஞ்சள் நூல் மட்டும்தான். முட்டை போட்டது. அந்தப் பாக்கெட்டுகளின் மிச்சமும் ஜாடிக்குள் போயிருக்கிறது. அம்மா கடைசியாகத் தின்ற சாப்பாடு என் மகளின் தொண்டையை அடைத்தது.

வரவேண்டுமானால்: புதுப் பானை, புது வடிதட்டு, புது மரக்கரண்டி. பழைய மரக்கரண்டியை எத்தனை கழுவினாலும் போகாது. ஒரே தண்ணீரில் இரண்டு பாஸ்தா வேகக் கூடாது. வெந்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றுவீர்களே, அதுவும் அந்தப் பானையிலிருந்து மட்டும். போன மாதம் வாங்கிய அதே பெட்டிதானே என்று எடுக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் படிக்கவேண்டும். அவர்கள் சொல்லாமல் மாற்றுவார்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். வீட்டில் இப்போது முட்டை போட்ட பாஸ்தா ஏதாவது இருக்கிறதா?

லொரெதானா


ஹாமில்டன்
நவம்பர் 3

அன்பு மகளே,

இல்லை. உன் கேள்விக்கு இதுதான் பதில். சிலுவை மேல் கை வைத்து எழுதுகிறேன்.

புதுப் பானை வாங்கியாயிற்று. கிறிஸ்துமஸ் வரை அதன் அட்டைப் பெட்டியைப் பிரிக்கப்போவதில்லை. வடிதட்டும் மரக்கரண்டியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. "மரீசாவுடையது, தொட்டால் கை முறியும்" என்று மேலே எழுதி வைத்தேன். ஓட்டாவியோ அதைப் படித்துவிட்டு, "இந்த வீட்டுல உன்னைத் தவிர யாரு இருக்கா? உன் கையை நீயே முறிச்சுக்கப்போறியா?" என்றான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே வேடிக்கை. சீட்டில் தோற்கும்போது மட்டும் இல்லை.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இந்தக் காகிதத்தை இரண்டு முறை மூடி வைத்தேன். நீ சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஜாடி நிமிர்ந்திருக்கிறது, லொரெதானா. கவிழ்த்து வைத்த ஜாடி. நேற்று அலமாரியைத் திறந்தால் நிமிர்ந்து நிற்கிறது, மூடியும் போட்டிருக்கிறது, அடியில் கொஞ்சம் பாஸ்தா. நான் போடவில்லை. அம்மாவுக்கு வெற்று ஜாடியைப் பார்த்தால் பொறுக்காது. காலியாக இருந்தால் வீட்டுக்குப் பஞ்சம் வரும் என்பாள்.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள். நான் அலமாரியை மெதுவாக மூடிவிட்டு, "வந்துட்டுப் போனியா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்பா


கால்கரி
நவம்பர் 14

அப்பா,

அம்மாவை வைத்து விளையாடாதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டேன். இல்லை என்று நீங்கள் எழுதுவீர்கள், அதை நம்பிவிடவேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். மரீசா தினமும் கேட்கிறாள். தாத்தா வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சறுக்க வேண்டுமாம். அங்கே நடந்தது அவளுக்கு நினைவில்லை என்று நான் நினைத்திருந்தேன். போன வாரம் பள்ளியில் பீன்ஸ் சூப் கொடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தைக் கண்டதும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாளாம்.

எனக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. அம்மா உங்கள் சமையலறையில் உட்கார்ந்து மரீசாவுக்கு ஊட்டுகிறார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். "அம்மா, வேண்டாம்" என்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து, இன்னும் ஒரு வாய் என்று விரலைக் காட்டுகிறார்கள். அன்பாகத்தான். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் கேட்கிறேன். அந்த ஜாடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? என்ன நிறம், என்ன வடிவம்? யாரிடமாவது வீட்டுச் சாவி இருக்கிறதா?

லொரெதானா


ஹாமில்டன்
நவம்பர் 24

அன்பு மகளே,

சாவி என்னிடம் மட்டும்தான். ஓட்டாவியோவிடம் கொடுத்திருந்ததை அவன் எப்போதோ தொலைத்துவிட்டான்.

ஜாடியை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். உள்ளே குழல் துண்டு கொஞ்சம். மற்றதெல்லாம் மஞ்சள் நூல். பொய் சொல்ல மனம் வரவில்லை. கொட்டிவிட்டு, கழுவி, மறுபடி கவிழ்த்தேன். மூன்றாம் நாளே மறுபடி நிமிர்ந்துவிட்டது. மறுபடி மஞ்சள்.

சில சாயங்காலம் சமையலறையில் நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தேன். இரும்பாலையில் திருட்டைப் பிடிக்கக் காவல் போட்டால் அன்று ஒருவனும் திருடமாட்டான். அதே மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. நான் மறந்திருக்கும் நாளில்தான் ஜாடி ஏறுகிறது. பாதிரியாரிடம் சொன்னேன். அவர் வீட்டை மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். தெளித்தால் அவள் போய்விடுவாளே.

உனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன், பிப்ரவரியில் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்குள் நுழைய எனக்குப் பிடித்தது இந்த மாதம்தான். வாசலில் செருப்பைத் துடைத்துவிட்டு நேரே அலமாரிக்குத்தான் போகிறேன். டிக்கெட்டை ரத்துசெய்யாதே. மரீசாவின் பானை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அம்மா அதைத் தொடமாட்டாள். நான் அவளிடம் சொல்லிவைக்கிறேன்.

அப்பா


ஹாமில்டன்
டிசம்பர் 5

லொரெதானா,

உன் பதில் வரவில்லை. அதற்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

வராதே.

நேற்று மத்தியானம் ஓட்டாவியோ சீட்டாட வந்தான். எனக்கு ஜலதோஷம். ஆடிக்கொண்டே எழுந்து அடுப்பில் கோழிச்சாறு வைத்தேன். அவன் கையில் இல்லாத சீட்டை இருப்பதாகச் சாதித்துக்கொண்டிருந்தான், நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தான். தோற்கிற ஆட்டத்தைக்கூட அவன் அப்படிக் கவிழ்த்ததில்லை.

"எர்மினியோ, இப்ப நீ என்ன பண்ணே?"

"உன் புளுகைப் பிடிச்சேன்."

"வாயால பண்ணதைக் கேக்கல. கையால என்ன பண்ணே?"

ஒன்றும் செய்யவில்லையே என்றேன். அவன் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து விரித்தான். உள்ளங்கையில் மஞ்சள் நூல் உடைந்த தூள் ஒட்டியிருந்தது. அலமாரி திறந்திருந்தது. ஜாடியின் மூடி இன்னும் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது.

"பாக்கெட்டுல மிஞ்சினதை ஜாடியில தட்டினே. மூடியும் போட்டே. என்னைத் திட்டிக்கிட்டேதான்டா பண்ணே" என்றான். ஜாடிக் கதையை அவனிடமும் சொல்லியிருந்தேன், சிலுவை போட்டுக்கொண்டு கேட்டான். இப்போது அவன் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "மககிட்ட முட்டைப் பாஸ்தா இல்லேன்னு எழுதினியே. இந்த மஞ்சள் பாக்கெட் யாரு வாங்கினது?"

"நான்தான். அது பாஸ்தா இல்லடா. என் அசுந்தாவோட மருந்து."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

நான் உனக்குப் பொய் எழுதவில்லை, மகளே. நீ பாஸ்தா என்று கேட்டாய், நான் மனதுக்குள் பெட்டிகளை எண்ணினேன். இதை எண்ணவில்லை. அவள் இருந்தபோது டாக்டர் மாத்திரையோடு சேர்த்துத்தான் இதையும் வாங்குவேன். அவள் பாதி குடிப்பாள், மீதியை நான் குடிப்பேன். அவள் போன பிறகு முழுக் கிண்ணத்தையும் நானே குடிக்கிறேன், கடைக்குப் போனால் கை தானாக எடுக்கிறது. இதுவும் பாஸ்தாதான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ரோஜாக் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்துப் பெட்டியெல்லாம் படித்தேன். கூடையில் கிடந்த பாக்கெட்டைப் படிக்கவில்லை.

ஆக, ஜாடிக்கு வந்துபோனது யார் என்று தெரிந்துவிட்டது. புதுப் பானையையும் நம்பாதே. பெட்டியைப் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பது எனக்கு இனி போதாது. அந்தத் தூள் கையோடு எதை எதைத் தொட்டேனோ. மரீசா முன்னால் தட்டு வைக்கிற கை இதுவாக இருக்கக் கூடாது.

டிக்கெட் வீணாகட்டும்.

அப்பா


கால்கரி
டிசம்பர் 13

அப்பா,

வருகிறோம்.

முந்தைய கடிதங்களை நம்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாமலும் இருந்திருக்கலாம். எழுதினீர்கள். அதனால்தான் வருகிறோம்.

மஞ்சள் பாக்கெட் எல்லாம் ஓட்டாவியோ மாமா கையால் வெளியே போகட்டும். சமையலறை முழுக்க அவர் துடைக்கட்டும், நீங்கள் துடைக்காதீர்கள். பானை, வடிதட்டு, கரண்டி, பாஸ்தா, எல்லாம் என் பெட்டியில் வரும். சமைப்பது நான். நீங்கள் மேசையில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள், அது ஒன்றுதான் உங்கள் வேலை. மரீசா இப்போது நன்றாகப் படிக்கிறாள். பெட்டியை அவளே படிப்பாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி அடியில் ஒரு பிடி மிஞ்சியது. என் கை அதை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நீண்டு நின்றது. என் சமையலறையில் வலது பக்கம் வெறும் சுவர். அங்கே எந்நாளும் ஜாடி இருந்ததில்லை, அப்பா. பிடியை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன்.

உங்களைப் பற்றி யாரிடமும் தவறாகப் பேசமாட்டேன். என் கணவரிடம்கூட.

லொரெதானா


ஹாமில்டன்
டிசம்பர் 30

அன்பு மகளே,

நீங்கள் போனபின் வீடு பெரிதாகிவிட்டது. ஓட்டாவியோ சமையலறையைத் துடைத்த துடைப்பில் மேசை வழுக்குகிறது, சீட்டு நிற்கவில்லை. அதனால் தோற்கிறேன் என்கிறான்.

நீ அடுப்படியில் நின்றதால் பார்த்திருக்கமாட்டாய். மரீசா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாதிரியார் மாதிரி படித்தாள். "கோதுமை ரவை. அவ்வளவுதான்" என்றாள். நான் சரி, போதும் என்று பானையைப் பார்த்தேன். "இல்ல தாத்தா, அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கும், பொடியா. அதையும் படிக்கணும். அங்கதான் ஒளிஞ்சிருக்கும்" என்றாள். பெட்டியைத் திருப்பித் தேடினாள். இல்லை என்று உறுதியானதும்தான் உன்னிடம் கொடுத்தாள். அவள் வயதில் நான் சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அவள் முதல் வாய் எடுத்தபோது எல்லோரும் விருந்துக்கு வைத்த மீனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினோம். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும்தான். கிரேனில் உருகின இரும்பைத் தலைக்கு மேல் கொண்டுபோன நாட்களில்கூட நான் அப்படி மூச்சைப் பிடித்ததில்லை. அவள் தட்டைக் காலிசெய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றாள். நீ முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

பிறகு படிக்கட்டில் சறுக்கும்போது என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "தாத்தா, பாட்டி இங்கதான் இருக்காங்களா? அம்மா போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க."

"இல்லம்மா. நான் மட்டும்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் அடுத்த படிக்குச் சறுக்கிக்கொண்டே, பரவாயில்லை என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

கடைசி நாள் நீ அலமாரியைத் திறந்து ஜாடியை எடுத்தாய். "இதை நான் எடுத்துட்டுப் போறேன்பா" என்றாய். நான் "எடுத்துக்கோ, கண்ணாடி, பத்திரம்" என்றேன். உன் சால்வையில் சுற்றினாய், மூடியைத் தனியாகச் சுற்றினாய், துணிகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினாய். ஓட்டாவியோ அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நான் வாசலில் கையசைத்து, போய்ச் சேர்ந்ததும் சொல்லு என்றேன். நீ செய்தது சரி.

நீ பெட்டியை மூடும்போது ஒன்று மட்டும் தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்: "உன் அம்மாவை எங்கே கூட்டிட்டுப் போறே?"

அப்பா